‘புரொடக்டிவ்’ என்பதற்கு எந்தச் சொல்? உற்பத்தி, ஆக்கம், பயன், உருப்படி

தாழை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் இரண்டு நாட்களாகச் சிக்கிக் கிடக்கிறேன். வேலை, நேரம், ஓய்வு பற்றிய நீண்ட கட்டுரை. அதில் ‘புரொடக்டிவ்’ என்ற சொல் பதினொரு இடங்களில் வருகிறது. தொழிற்சாலை பற்றிச் சில இடங்கள், நிலம் பற்றி ஓரிடம், ஒரு கூட்டம் நன்றாக நடந்தது என்பதற்கு ஓரிடம், மனிதர்களைப் பற்றிப் பல இடங்கள், இருமலைப் பற்றிக்கூட ஓரிடம்.

முதல் இரண்டு இடங்களில் யோசிக்காமல் ‘உற்பத்தித்திறன் மிக்க’ என்று எழுதிவிட்டேன். மூன்றாவது இடத்தில் கை நின்றுவிட்டது. ‘ஒரு நாளை எப்படி உற்பத்தித்திறன் மிக்கதாக ஆக்குவது’ என்று எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எந்த வீட்டிலும் யாரும் யாரிடமும் அப்படிப் பேச மாட்டார்கள். அகராதியைப் புரட்டினால் ஆக்கபூர்வமான, பயனுள்ள, செயல்திறன் மிக்க, வளமான, பலன் தரும் என்று வரிசையாக வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தெருவின் வீடுகள். உள்ளே போனால் ஒவ்வொன்றிலும் வேறு குடும்பம் இருக்கிறது.

இவற்றுக்குள் உள்ள வேறுபாட்டை யாராவது எடுத்துச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எதைப் போடலாம் என்று தெரிந்தால் போதும்.

பழைய ஏடு

தாழை அம்மா, நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் வேரிலிருந்து தொடங்குகிறேன்.

‘உற்பத்தி’ வடமொழிச் சொல். அடிப்படைப் பொருள் தோற்றம், பிறப்பு. அதனால்தான் ‘ஆறு உற்பத்தியாகும் இடம்’ என்கிறோம். ‘தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாகிறது’ என்றும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆக, எதுவோ தோன்றியது, பெருகியது என்பதோடு இந்தச் சொல்லின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. தோன்றியது நல்லதா, யாருக்காவது தேவையா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

‘ஆக்கம்’ அப்படியல்ல. ‘ஆ’ என்ற வினையடி ஆகுதல், ஆக்குதல் இரண்டுக்கும் தாய். பழைய நூல்களில் ஆக்கம் என்றால் செல்வம், மேன்மேலும் உயர்தல் என்றும் பொருள் உண்டு. எதிர்ச்சொல் அழிவு. எனவே ‘ஆக்கபூர்வமான கூட்டம்’ என்றால், பேசி எதையும் கெடுக்காமல் ஒன்றைக் கட்டியெழுப்பிய கூட்டம் என்று பொருள்படும். கூட்டம் வருகிற இடத்தில் இதைப் போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பயன்’. இதன் வினை ‘பயத்தல்’. தருதல், விளைத்தல், பெற்றெடுத்தல் என்பன அதன் பொருள்கள். ‘நன்மை பயக்கும்’ என்று இன்றும் எழுதுகிறோம். பழந்தமிழில் தாய் பிள்ளையைப் ‘பயந்தாள்’ என்றால் ஈன்றாள் என்று பொருள். பயன் என்ற சொல்லுக்குள் ஒரு பிரசவம் இருக்கிறது. ‘பயனுள்ள’ என்பதை நாம் அன்றாடம் புழங்கிப் புழங்கித் தேய்த்துவிட்டோம், அவ்வளவுதான்.

திருகுசாவி

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ‘உற்பத்தித்திறன்’ என்ற சொல்லை ஒதுக்கிவிடாதீர்கள். பலர் உற்பத்தியையும் உற்பத்தித்திறனையும் ஒன்றாக்கிக் குழப்புவதால் வரும் கெட்ட பெயர் அது. உற்பத்தி ஓர் அளவு. உற்பத்தித்திறன் ஒரு விகிதம்: வெளியே வந்ததை உள்ளே போட்டதால் வகுத்தால் கிடைப்பது.

நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். ஒருவர் எட்டு மணி நேரத்தில் 400 துண்டுகள் முடிக்கிறார், 4 தேறாதவை. பக்கத்து எந்திரத்தில் இருப்பவர் 460 முடிக்கிறார்; 70 தேறாதவை. வருகிற போகிறவர்கள் எல்லாம் இரண்டாமவரைத்தான் பாராட்டுவார்கள். கணக்குப் போட்டால் முதலாமவர் நல்ல துண்டுகளாக 396 தந்திருக்கிறார், இரண்டாமவர் 390. அதற்கு மேல் 70 துண்டுகளுக்கான உலோகமும் மின்சாரமும் வீண். அந்த விகிதத்தைப் பார்க்காவிட்டால் முதலாமவரின் நிதானம் யார் கண்ணுக்கும் தெரியாது.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1776இல் ஆடம் ஸ்மித் என்ற பொருளியலாளர் குண்டூசித் தொழிலை எடுத்துக்காட்டாகச் சொன்னார். வேலையைப் பதினெட்டுக் கூறாகப் பிரித்துக்கொண்டால் 10 பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் வரை செய்யலாம்; எல்லாவற்றையும் தனியாளாகச் செய்தால் ஒருவரால் 20 கூடச் செய்ய முடியாது என்றார். ஆட்களும் அவர்களே, கைகளும் அவையே. மாறியது வேலையின் ஒழுங்கு மட்டுமே. அந்த மாற்றத்தைச் சொல்ல ‘பயன்’ போதாது.

யாழ்வெளி

இலங்கையில் முகாமைத்துவம் (மேலாண்மை) படித்தவர்களுக்கு இரண்டு சொற்கள் பழக்கம்: வினைத்திறன், விளைதிறன். குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் செய்து முடிப்பது வினைத்திறன். செய்ததால் நினைத்த விளைவு கிடைப்பது விளைதிறன். தவறான முகவரியிட்ட நூறு உறைகளை ஒரு மணி நேரத்தில் ஒட்டி முடித்தவரிடம் வினைத்திறன் இருக்கிறது, விளைதிறன் இல்லை. தாழை அக்கா, கட்டுரையில் இந்த இரண்டும் எதிரெதிரே வருகிற இடம் இருந்தால் இந்த இணையைப் பயன்படுத்துங்கள். ஓரிரு எழுத்து மாற்றத்தில் பொருள் மாறுவதால் வாசகர் நினைவிலும் நிற்கும்.

நிரல்மொழி

திருகுசாவி அண்ணன் சொன்ன விகிதம் துண்டுகளை எண்ணும் இடத்தில் சரி. எங்கள் மென்பொருள் தொழிலில் எதை எண்ணுவது என்பதிலேயே தகராறு.

1982இல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா கணினிக்காக வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒவ்வொருவரும் வாரம் எத்தனை வரி நிரல் எழுதினார்கள் என்று படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். அங்கே நிரல் எழுதிய பில் அட்கின்சன் அந்த வாரம் படம் வரையும் பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். அது முன்னைவிட ஆறு மடங்கு வேகமாக இயங்கியது. நிரலில் சுமார் 2,000 வரிகள் குறைந்தும் போயின. அவர் படிவத்தில் -2000 என்று எழுதினார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

நீக்குவதும் ஆக்கம்தான். எனக்கு மிகச் சிறந்த நாட்கள் எவை என்று கேட்டால், ஒரு கோப்பை முழுவதுமாக அழித்துவிட்டு எல்லாம் அப்படியே இயங்குவதைப் பார்த்த நாட்களைத்தான் சொல்வேன்.

ஏர்முனை

நிலம் வருகிற இடத்தில் தயவுசெய்து ‘உற்பத்தித்திறன் மிக்க நிலம்’ என்று எழுதாதீர்கள் அம்மா. ‘விளைச்சல் நிலம்’, ‘நல்ல விளைநிலம்’, ‘வளமான மண்’ என்று சொல்லுங்கள். விளைதல் என்றால் முற்றுதல், பழுத்து நிறைதல். அந்தச் சொல்லில் காலம் இருக்கிறது. உழுதவன் மாலைக்குள் எதையும் காட்ட முடியாது. விதைத்த மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் விதையும் போகும்.

இன்னொன்று. நிலத்தைச் சில காலம் சும்மா போடுவதும் விவசாயத்தில் வேலைதான். பயறு வகைகளை ஊடே விதைத்தால் அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. அந்தப் பருவத்தில் வரவு குறைவு என்று பதிவேட்டில் இருக்கும். அடுத்த பருவத்தின் விளைச்சலில் அது பேசும். ஒரு பருவத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கணக்குப் பார்க்கிறவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுப் பல காலம் ஆகிறது. ஆனால் சொல்லிலாவது அந்தக் காலம் இருக்கட்டும்.

கரும்பலகை

நான் போட்டித் தேர்வுக்குப் படிப்பவன். பதினான்கு மணி நேரம் மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்று நண்பர்கள் சொல்லும்போது மனம் பதறுகிறது. நானும் உட்கார்கிறேன். ஒரே பக்கத்தை நான்கு முறை படிக்கிறேன். சுறுசுறுப்பும் உழைப்பும் இருந்தால் ‘புரொடக்டிவ்’ என்று சொல்லிவிடலாமா? அல்லது அவை வேறா?

பழைய ஏடு

தம்பி, அவை வேறு. சுறுசுறுப்பு உடம்பின் குணம். உழைப்பு நீங்கள் கொடுக்கிற விலை. என்ன வாங்கினீர்கள் என்பதை அந்த இரண்டு சொற்களும் சொல்வதில்லை. ‘மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தேன்’ என்ற வழக்கில் தேய்மானம் மட்டும்தானே இருக்கிறது?

திருக்குறள் இதை ஒரே சொல்லில் அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. சற்றுத் தள்ளி வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று இன்னும் மூன்று. ஊக்கம் வேறு, சோம்பாமை வேறு, விடாமுயற்சி வேறு. நல்ல செயலைத் தேர்வது வேறு, உறுதியாக நிற்பது வேறு, செய்யும் முறை வேறு. வினைசெயல்வகையில் ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று ஒரு குறள் தொடங்குகிறது. இங்கே தூங்குதல் என்றால் தாழ்த்துதல், மெல்லச் செய்தல். மெல்லச் செய்ய வேண்டியதை மெல்லத்தான் செய்ய வேண்டும். உடனே செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாது. நான்கு முறை படித்தும் ஏறாத பக்கத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதிப் பாருங்கள். எது ஏறவில்லை என்று அப்போது தெரியும்.

வேப்பம்பூ

எல்லோரும் பெரிய சொற்களாகச் சொல்கிறீர்கள். நம் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே!

‘இன்று உருப்படியாக என்ன செய்தாய்?’

மாலையில் அப்பா கேட்டது இதுதான். பள்ளியில் ஆசிரியர் கேட்டதும் இதுதான். நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதும் இதுதான். உருப்படுதல் என்றால் உருவம் பெறுதல், ஒரு நிலைக்கு வருதல். காலையில் இல்லாத ஒன்று மாலையில் வடிவெடுத்து நிற்கிறது, அதுதான் உருப்படி. எண்ணிக்கைக்கும் அந்தச் சொல்தான்: சலவைக்குப் போட்ட துணிகள் பத்து உருப்படி. கச்சேரியில் பாடும் கீர்த்தனையும் உருப்படி. மனிதருக்கும் அதே சொல்: ‘பையன் உருப்பட்டுவிட்டான்’. பொருள், கலை, மனிதர் மூன்றையும் ஒரே சொல் தொடுகிறது. தாழை, நீங்கள் நின்றுபோன இடத்தில் ‘ஒரு நாளை எப்படி உருப்படியாகக் கழிப்பது’ என்று எழுதிப் பாருங்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

தாழை

வேப்பம்பூ, நீங்கள் சொன்னதைப் படித்தவுடன் ‘இதுதான், கிடைத்துவிட்டது’ என்று நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். மொழி என்ற அளவில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் என்னால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஏழு மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம். நான் வேலையைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரை ஒருபுறமிருந்து மறுபுறம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு கையை அவர் தோளுக்கும் இன்னொன்றை இடுப்புக்கும் கொடுத்து, என் பக்கமாகச் சாய்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகுகிறேன். குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் விளக்கொளியில் பார்க்கிறேன். சிவந்திருந்தால் விரலால் அழுத்துகிறேன். வெளுத்து மீண்டும் சிவந்தால் நிம்மதி. பிறகு அந்த இடத்தில் எடை படாதபடி காலை உயர்த்தி வைக்கிறேன். நான்கு மணிக்கு மறுபடியும்.

காலையில் இருந்தது மாலையிலும் அப்படியே இருக்கிறது. எதுவும் உருப்பெறவில்லை. நாட்குறிப்பில் ‘இன்று உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை’ என்று நானே பல நாட்கள் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் வந்தபோது கை நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இரவுப்பணி

தாழை, நான் செவிலியர். பதினாறு ஆண்டுகளாக வார்டில் இருக்கிறேன். முதலில் ஒரு கேள்வி: ஏழு மாதங்களில் அம்மாவுக்குப் படுக்கைப்புண் வந்ததா? நீங்கள் எழுதியதிலிருந்து வரவில்லை என்று தெரிகிறது. அது தானாக நடந்ததல்ல. அழுத்திப் பார்க்கிறீர்களே, வெளுக்கவில்லை என்றால் புண்ணின் தொடக்கம் என்பதை அறிந்துதான் பார்க்கிறீர்கள். எங்கள் வேலை சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. புண் வராது, சளி நெஞ்சில் கட்டாது, கீழே விழ மாட்டார். நடக்காமல் போனதை யார் கண்ணால் பார்க்க முடியும்?

வில்லியம் பாமோல் என்ற பொருளியலாளர் 1960களில் வில்லியம் போவனோடு சேர்ந்து இசைக்கலைஞர்களைப் பற்றி எழுதினார். நால்வர் சேர்ந்து வாசிக்க வேண்டிய இசையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர்தான் வாசித்தார்கள், இன்றும் நால்வர்தான் வேண்டும், நேரத்தையும் குறைக்க முடியாது. குண்டூசியில் நடந்தது அங்கே நடக்காது. ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும் அப்படித்தான். அவசரப்பட்டு இழுத்தால் தோல் உரிந்துவிடும்.

இருமல் வருகிற இடத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அது ‘சளி இருமல்’. எதிர்ப்பக்கம் ‘வறட்டு இருமல்’. வேறு எதையும் போட வேண்டாம்.

நிரல்மொழி

ஒன்றைச் சேர்க்கிறேன். குண்டூசி பற்றி எழுதிய அதே நூலில் ஸ்மித் உழைப்பை இரண்டாகப் பிரிக்கிறார். செய்து முடித்த பிறகு விற்கக்கூடிய பொருளாக எஞ்சி நிற்பது ஒரு வகை, செய்த கணத்திலேயே மறைந்துபோவது மறுவகை. வீட்டுப் பணியாளர், மருத்துவர், வழக்கறிஞர், எழுத்தாளர், இசைக்கலைஞர் எல்லோரையும் இரண்டாவதில் வைக்கிறார். மதிப்பில்லாத வேலை என்று அவர் சொல்லவில்லை, எஞ்சுவதில்லை என்கிறார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதி தாயோடுதான் இருந்தார். 1784இல் அந்தத் தாய் இறந்தார். அந்த வீட்டில் தினமும் நடந்த வேலையும் எஞ்சாத கணக்கில்தான் வரும்.

இன்றும் நாட்டு வருமானக் கணக்கில் தாழை அக்கா செய்வது வராது. அதே வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் வந்துவிடும்.

திருகுசாவி

தாழை அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் தொழிற்சாலையிலும் பராமரிப்புப் பிரிவு இருக்கிறது. எண்ணெய் விடுவார்கள், தாங்கிகளைக் காதுவைத்துக் கேட்பார்கள், ஓசை மாறியிருந்தால் எந்திரம் நிற்பதற்கு முன்பே மாற்றிவிடுவார்கள். அவர்கள் பெயரில் ஒரு துண்டுகூடக் கணக்கில் ஏறாது. எந்திரம் பழுதாகி நின்ற மணி நேரம் எவ்வளவு என்றுதான் எழுதுகிறோம். அது பூஜ்யமாக இருந்தால் அவர்கள் மாதம் நன்றாக நடந்தது.

ஆனால் அளப்பதே தவறு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவுப்பணி அவர்களே, ஒரு நோயாளியைத் திருப்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று யாரும் எழுதிவைக்காவிட்டால், ஒரே செவிலியருக்கு முப்பது படுக்கைகளைக் கொடுத்துவிட்டு ‘சமாளித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். எண்ணாத வேலையைத்தான் அடுத்தவர் தலையில் எளிதாக ஏற்றுகிறார்கள்.

இரவுப்பணி

முப்பது கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வது சரி. நேரத்தை எண்ணுங்கள், நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். எங்கள் நேரத்தைக் குறைத்தால் திறன் கூடிவிட்டது என்று சொல்லாதீர்கள், அது போதும்.

பழைய ஏடு

இரண்டு நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாழை அம்மாவுக்காக ஒன்றைத் தேடி எடுத்தேன்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், வேற்றுமை மயங்கியலில், ஒரு தொழில் நிகழ எவையெல்லாம் வேண்டும் என்று ஒரு நூற்பா பட்டியலிடுகிறது. செயல், செய்பவர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி. இதோடு நிறுத்தவில்லை. ‘இன்னதற்கு’, ‘இது பயனாக’ என்று இன்னும் இரண்டைச் சேர்த்து எட்டு என்கிறது. பின்னால் வந்த நன்னூல் வினைச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது ஆறைத்தான் சொல்கிறது. விட்டுப்போனவை கடைசி இரண்டும்தான்.

இலக்கண நோக்கில் அதற்குக் காரணம் உண்டு. அதைக் குறையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் இங்கே பேசிக்கொண்டிருப்பது அந்த இரண்டைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உற்பத்தித்திறன்’ காலத்தையும் கருவியையும் செய்பொருளையும் கணக்கில் எடுக்கிறது. ‘உருப்படி’ செய்பொருளைக் கேட்கிறது. யாருக்காக, என்ன பயனுக்காக என்று கேட்பது ‘பயன்’ ஒன்றுதான். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் எழுந்த வினையில் எட்டும் இருக்கின்றன, அம்மா. செய்பொருள் மட்டும் கைக்கு அகப்படாத ஒன்று.

விகுதி

சிறு இடைச்செருகல். மொழியியலில் ‘புரொடக்டிவ்’ என்ற சொல் வேறு பொருளில் வரும். புதுச் சொற்களைப் பிறப்பிக்கும் ஆற்றல் இன்னும் உள்ள விகுதியை ‘ஆக்கமுள்ள விகுதி’ எனலாம். கல்வி, கேள்வி, தோல்வி என்பவற்றிலுள்ள ‘வி’ இன்று புதுச் சொல் எதையும் தருவதில்லை. ‘ஆளர்’ இன்றும் தருகிறது: தொகுப்பாளர், வடிவமைப்பாளர், பராமரிப்பாளர். கடைசிச் சொல்லைக் கவனித்தீர்களா? முன்பு அந்த வேலைக்குத் தனிப்பெயரே இல்லை. மகள், மருமகள் என்று உறவுப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

தாழை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நான்கு மணிச் சுற்று முடிந்த பிறகு உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

தொழிற்சாலை வருகிற மூன்று இடங்களில் முதலிரண்டில் ‘உற்பத்தித்திறன்’, மூன்றாவதில் ‘செயல்திறன்’. நிலத்துக்கு ‘விளைச்சல் தரும்’. கூட்டத்துக்கு ‘ஆக்கபூர்வமான’. இருமலுக்குச் ‘சளி இருமல்’. எதிரெதிராக வந்த ஓரிடத்தில் வினைத்திறன், விளைதிறன். எழுத்தாளர் ஒருவர் நிறைய எழுதிக் குவித்த காலம் என்று வருகிற இடத்தில் உரிச்சொல்லையே எடுத்துவிட்டு ‘நிறைய எழுதிய ஆண்டுகள்’ என்று எழுதினேன், தெளிவாக இருக்கிறது. இளைஞர்களைப் பற்றிய இரண்டு இடங்களில் வேப்பம்பூவின் ‘உருப்படியாக’ அப்படியே போயிருக்கிறது. அங்கே அது அழகாக உட்கார்ந்துவிட்டது.

நின்றுபோன அந்த ஓரிடத்தில் ‘ஒரு நாளை எப்படிப் பயன்படச் செலவிடுவது’ என்று எழுதினேன். பயத்தல் என்ற வினையை ஐயா சொல்லியிருக்காவிட்டால் அது எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்திருக்கும். நாட்குறிப்பிலும் ‘உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது மணியையும், எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதையும் குறிக்கிறேன்.

இரவுப்பணி

வலம், இடம், மல்லாக்க என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். தோலின் நிறத்துக்கு ஒரு பத்தி. அடுத்து மருத்துவரைப் பார்க்கும்போது அதைக் காட்டுங்கள்.

திருகுசாவி

ஒரு சின்னத் திருத்தம். தொழிற்சாலையின் மூன்றாவது இடத்தில் ‘செயல்திறன்’ என்று போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே மணிக்கு இத்தனை என்ற கணக்கு வருகிறதா? வந்தால் அதுவும் ‘உற்பத்தித்திறன்’தான்.

தாழை

வருகிறது. மாற்றிவிட்டேன்.